தாய் நேர்ந்துகொண்ட பிள்ளை

தை மாதம் பிறந்துவிட்டால் கொங்குச் சீமையின் சாலைகளுக்கு ஒரு தனிக் களை வந்துவிடும். பழனிக்குப் பாதயாத்திரை செல்லும் பக்தர்கள் சாரிசாரியாக நடந்து செல்வார்கள். காவித் துணியும் பச்சைத் துணியும் கண்ணில் பட்டவண்ணம் இருக்கும். தாயின் இடுப்பில் இருக்கும் கைக்குழந்தைக்குக்கூட ஒரு காவித் துண்டு சுற்றியிருப்பார்கள். அந்தக் குழந்தை ஒரு நாள் காய்ச்சலில் கிடந்திருக்கும், தாய் நேர்ந்துகொண்டிருப்பாள், குழந்தை பிழைத்தது, நேர்ந்தபடி நடக்கிறாள். இதில் விளங்காதது ஒன்றுமில்லை. கொங்கு நாட்டில் பிறந்த எவருக்கும் இது வீட்டு வழக்கம்.

அதே தை மாதத்தின் பிற்பகுதியில், பிப்ரவரி 4-ந் தேதி, மற்றொரு காவி உடைத் துறவிக்குத் திருநாள் வருகிறது. கத்தோலிக்க ஆலயங்களில் அவருடைய சுரூபத்தைப் பார்க்கலாம். தலையில் பாகை, உடலில் காவி அங்கி, மார்பில் தவழும் தாடி. தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் யாரோ ஒரு தமிழ்ப் பண்டாரம் என்றுதான் நினைப்பார்கள். அருகில் சென்றால்தான் முகம் வேற்று நாட்டவரின் முகம் என்பது தெரியும். அவர் பெயர் அருளானந்தர். போர்ச்சுக்கல் நாட்டில் ஒரு பிரபுவின் மகனாகப் பிறந்து, சேதுச் சீமையில் ஓரியூர் மண்ணில் தலை கொடுத்தவர்.

அந்தத் திருநாளில் தாய்மார்கள் அவர் முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, தங்கள் பிள்ளைகளுக்காக மன்றாடுகிறார்கள். ஆனால் அந்த அருளானந்தரே ஒரு காலத்தில், தாய் வேண்டிக்கொண்டதால் பிழைத்த பிள்ளை என்பது பலருக்குத் தெரியாது. அவருடைய தாய் வேறொரு புனிதரிடம் நேர்ந்துகொண்டாள். வேண்டுதல் பலித்தது. ஆனால் பலித்த விதம் அவள் எண்ணியது போல் இல்லை. அதுதான் இந்த வரலாறு.

திருநாள் என்பது என்ன?

கதைக்குள் போகுமுன் ஒரு சிறு விளக்கம் தேவை. கத்தோலிக்கத் திருச்சபை ஒரு புனிதருக்குத் திருநாள் குறிக்கும்போது, பெரும்பாலும் அவர் பிறந்த நாளைப் பார்ப்பதில்லை. இறந்த நாளையே பார்க்கிறது. மண்ணுலகில் இறந்த நாளே விண்ணுலகில் பிறந்த நாள் என்பது அதன் கருத்து. நாயன்மார்கள் முக்தியடைந்த நட்சத்திரத்தில் குருபூஜை நடத்தும் தமிழ் மக்களுக்கு இந்தக் கருத்து புதியதன்று.

திருநாளுக்கு ஒன்பது நாட்களுக்கு முன்பே பல ஊர்களில் கொடி ஏற்றிவிடுவார்கள். ஒன்பது நாளும் மாலையில் நவநாள் ஜெபம். பிறகு மன்றாட்டு மாலை. ஒருவர் புனிதரின் குணங்களையும் சிறப்புப் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போக, கூடியிருப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். தங்களுக்காகக் கடவுளிடம் வேண்டிக்கொள்ளும்படி புனிதரைக் கேட்பதுதான் அந்தப் பதில். கடைசி நாளில் பாட்டுப் பூசை, இரவில் சப்பரம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வரம் கொடுப்பவர் கடவுள் ஒருவரே என்பதும், புனிதர் நமக்காகப் பரிந்து பேசுபவர் என்பதும் திருச்சபையின் போதனை. ஊர்ப் பெரியவரிடம் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால், அவருக்கு வேண்டியவர் ஒருவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போகிறோம் அல்லவா? ஏறத்தாழ அந்த மாதிரிதான்.

அரண்மனைச் சிறுவன்

1647-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி லிஸ்பன் நகரில் ஜான் டி பிரிட்டோ பிறந்தார். தந்தை சால்வதோர் டி பிரிட்டோ பெரெய்ரா, போர்ச்சுக்கல் அரசாங்கத்தில் உயர்ந்த பதவி வகித்தவர். பிரேசில் நாட்டில் ஓர் ஆளுநர் பதவிக்கு அனுப்பப்பட்டவர் அங்கேயே உயிர் நீத்தார். அப்போது ஜானுக்கு வயது நான்கு. தாயார் பியாட்ரிஸ் அம்மையார் விதவைக் கோலத்தில் பிள்ளைகளை வளர்த்தார். கணவனைக் கடலுக்கு அப்பால் பறிகொடுத்த அந்தத் தாய்க்குக் கடைசி மகனிடம் எவ்வளவு பாசம் இருந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

உயர்குலத்துப் பிள்ளைகள் அரண்மனையில் வளர்வது அந்நாட்டு வழக்கம். ஜானும் சிறு வயதிலேயே அரண்மனைக்குச் சென்றான். இளவரசர் பெட்ரோவுக்கும் அவனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருவரும் சேர்ந்து படித்தார்கள், சேர்ந்து விளையாடினார்கள். அந்த நட்பு கடைசிவரை நீடித்தது.

ஜானுக்குப் பதினோரு வயது இருக்கும்போது கடுமையான நோய் கண்டது. வைத்தியர்கள் கைவிட்டார்கள். மகனின் கட்டில் அருகே நின்ற பியாட்ரிஸ் அம்மையார் அர்ச்சியசிஷ்ட சவேரியாரை வேண்டிக்கொண்டார்.

சவேரியார் யார் என்பது தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு நன்கு தெரியும். 1542-ம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து, முத்துக்குளித் துறையில் கடலோர மக்களிடையே நடந்து திரிந்தவர் அவர். 1552-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி சீனக் கரையை ஒட்டிய ஒரு தீவில் இறந்தார். அவருடைய உடல் கோவாவில் வைக்கப்பட்டிருக்கிறது. கடல் கடந்து கிழக்கே போனவர்களுக்கெல்லாம் போர்ச்சுக்கலில் அவரே காவல்.

மகன் பிழைத்தால், சவேரியார் இருந்த சேசு சபையின் அங்கியை ஓராண்டு காலம் அவனுக்கு உடுத்தி வைப்பதாகத் தாய் நேர்ந்துகொண்டார். ஜான் பிழைத்தான். நேர்ந்தபடி கறுப்பு அங்கி தைத்துப் போட்டார்கள். அரண்மனையில் பட்டும் சரிகையும் உடுத்திய சிறுவர்களுக்கு நடுவே, கறுப்பு அங்கியோடு ஒரு சிறுவன். தோழர்கள் அவனைக் குட்டி அப்போஸ்தலர் என்று கேலி செய்தார்களாம்.

பழனி ஆண்டவருக்காகக் காவி உடுத்திய குழந்தை, வேண்டுதல் முடிந்ததும் காவியைக் களைந்துவிட்டுப் பழைய சட்டையைப் போட்டுக்கொள்கிறது. ஜானும் ஓராண்டு முடிந்ததும் அங்கியைக் களைந்தான். ஆனால் அதை அவன் மறக்கவில்லை. 1662-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி, பதினைந்தாவது வயதில், சேசு சபையில் சேர்ந்து அதே அங்கியைத் தானாகவே விரும்பி உடுத்திக்கொண்டான். இம்முறை கணக்கு ஓராண்டு அன்று, ஆயுள் முழுவதும்.

தாயின் முறையீடு

மகன் துறவியானதைத் தாய் எப்படியோ பொறுத்துக்கொண்டார். லிஸ்பனிலோ கொயிம்ப்ராவிலோ பேராசிரியராக இருப்பான்; நினைத்தபோது பார்க்கலாம் என்று மனத்தைத் தேற்றியிருப்பார். ஜானோ இந்தியாவுக்குப் போக வேண்டுமென்று மேலதிகாரிகளுக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் மதுரை மிஷனிலிருந்து பல்தசார் டா கோஸ்டா என்ற குரு போர்ச்சுக்கலுக்கு வந்திருந்தார். தமிழ்நாட்டில் பண்டார சுவாமியாக முதன்முதலில் உழைத்தவர் அவர். புதிய தொண்டர்களைத் திரட்டிச் செல்வதற்காக வந்தவரின் பேச்சு, ஜானின் எண்ணத்தை உறுதியாக்கியது.

செய்தி கேட்ட பியாட்ரிஸ் அம்மையார் துடித்துப்போனார். சபை மேலதிகாரிகளிடம் முறையிட்டார். பாப்பாண்டவரின் தூதரிடமே சென்று, மகனைத் தடுத்து நிறுத்தும்படி மன்றாடினார். சவேரியாரிடம் மகனின் உயிரைக் கேட்ட அதே தாய், மகன் சவேரியாரின் வழியில் போவதைத் தடுக்க வேண்டிய நிலை வந்தது. அவரைக் குறை கூற யாருக்கு மனம் வரும்? அவர் கேட்டது பிள்ளை பிழைக்க வேண்டுமென்று. பிழைத்த பிள்ளை கடல் கடந்து போக வேண்டுமென்று அவர் கேட்கவில்லையே!

முறையீடு பலிக்கவில்லை. குருப்பட்டம் பெற்ற ஜான் 1673-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் கப்பல் ஏறினார். அந்தக் காலத்துக் கடற்பயணம் விளையாட்டல்ல. ஆறு மாதம் நீளும். காய்ச்சலும் சொறிநோயும் கப்பலில் பலரைக் கொண்டுபோய்விடும். அழைத்துவந்த டா கோஸ்டா குருவே வழியில் கடலில் இறந்துபோனார். செப்டம்பர் மாதத்தில், சவேரியாரின் உடல் இருக்கும் கோவா நகரில் ஜான் கரை இறங்கினார்.

காவி உடுத்திய பண்டார சுவாமி

கோவாவில் அவருடைய படிப்பைக் கண்டவர்கள் அங்கேயே பேராசிரியராக இருக்கச் சொன்னார்கள். அவர் இணங்கவில்லை. 1674-ம் ஆண்டு மலையாளக் கரைக்கு வந்து, அங்கிருந்து மேற்கு மலையைக் கடந்து, கால்நடையாகவே தமிழ் நாட்டின் உள்பகுதிக்கு வந்து சேர்ந்தார்.

மதுரை மிஷன் என்றால் மதுரை நகரம் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. 1606-ம் ஆண்டு ராபர்ட் டி நொபிலி மதுரையில் தொடங்கிய அந்தப் பணி, 17-ம் நூற்றாண்டின் நடுவிலேயே திருச்சி, தஞ்சை, சத்தியமங்கலம் என்று பரந்திருந்தது. கொங்கு நாடும் அதற்குள் அடங்கியதே. இன்று விசைத்தறி ஓசையோடு விளங்கும் கருமத்தம்பட்டி, சூலூர் வட்டத்தைச் சேர்ந்த ஊர். அங்குள்ள ஜெபமாலை மாதா ஆலயத்தின் தொடக்கமும் அந்த மதுரை மிஷன் காலத்தைச் சேர்ந்தது. ஆகவே ஜான் டி பிரிட்டோ சேர்ந்த குடும்பமும் கொங்கு நாட்டுப் பழைய கிறிஸ்தவர்களின் குடும்பமும் ஒன்றுதான்.

தமிழ் நாட்டில் அவர் கைக்கொண்டது பண்டார சுவாமி வாழ்க்கை. நொபிலி பிராமண சந்நியாசியைப் போல வாழ்ந்தார். அந்நாளின் சாதிக் கட்டுப்பாட்டில் அப்படி வாழ்பவர் எல்லாரோடும் பழக இயலாது. பண்டாரங்களுக்கோ அந்தத் தடை அவ்வளவாக இல்லை. உழுகிறவர், நெய்கிறவர், தாழ்த்தப்பட்டவர் எவரையும் அணுகலாம். ஆகவே காவி உடுத்தினார். தலையில் பாகை கட்டினார். இறைச்சி, மீன், முட்டை, மது எதையும் தொடுவதில்லை. சோறும் கீரையும் காய்கறியுமே உணவு. படுக்கை வெறுந்தரை. பெயரையும் தமிழாக்கிக்கொண்டார். ஜான் என்ற பெயருக்கு எபிரேய மொழியில் கடவுளின் அருள் என்பது பொருள். அருளானந்தர் என்ற பெயர் அப்படிப் பொருந்தியது.

அவர் வந்த காலம் அமைதியான காலமன்று. மதுரை நாயக்கர் ஆட்சி தளர்ந்துகொண்டிருந்தது. தஞ்சையை மராட்டியர் பிடித்தார்கள். 1677-ம் ஆண்டு செஞ்சிக் கோட்டை சிவாஜியின் கைக்கு வந்தது. கொங்கு நாட்டின் மேல் மைசூரின் கை நீண்டுகொண்டிருந்தது. படைகள் போகும் வழியெல்லாம் ஊர்கள் பாழாயின. பஞ்சமும் கொள்ளைநோயும் பின்தொடர்ந்தன. இந்தக் குழப்பத்தினூடே அருளானந்தர் ஊர் ஊராக நடந்தார். இரவில் மரத்தடியில் மக்களைச் சந்தித்து, விடியுமுன் அடுத்த ஊருக்குப் போய்விடுவதும் உண்டு. நாளடைவில் மிஷனின் தலைமைப் பொறுப்பும் அவரிடம் வந்தது.

மறவர் சீமையில் முதல் சோதனை

1686-ம் ஆண்டு மே மாதத்தில் அவர் மறவர் சீமைக்குள் நுழைந்தார். ராமநாதபுரத்தை அப்போது ஆண்டவர் கிழவன் சேதுபதி என்று புகழ்பெற்ற ரகுநாத சேதுபதி. மதுரை நாயக்கரின் பிடியிலிருந்து தம் நாட்டை விடுவித்துக்கொள்ள முயன்ற வீரர் அவர். புதிய சமயம் தம் நாட்டில் பரவுவதை அவர் விரும்பவில்லை. இரண்டரை மாதத்துக்குள் இரண்டாயிரம் பேருக்கு மேல் அருளானந்தரிடம் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

ஜூலை மாதம், மங்கலம் என்ற ஊருக்கு அருகே, அருளானந்தரும் உபதேசியார்கள் சிலரும் பிடிபட்டார்கள். காளையார்கோவிலுக்கும் பாகனேரிக்கும் இழுத்துச் செல்லப்பட்டார்கள். சாட்டையடி; தண்ணீரில் முக்கி எடுத்தல்; வெயிலில் கொதிக்கும் பாறையில் கிடத்தி மிதித்தல். சமயத்தை மறுதலித்தால் விடுதலை என்றார்கள். ஒருவரும் மறுதலிக்கவில்லை. பிடிபட்ட உபதேசியார்கள் இந்த மண்ணின் பிள்ளைகள்; அவர்கள் பட்ட பாடு குருவானவர் பட்ட பாட்டுக்குச் சிறிதும் குறைந்ததன்று.

மரண தண்டனை நிச்சயம் என்றிருந்தபோது, சேதுபதி அவர்களை ராமநாதபுரத்துக்கு வரவழைத்தார். அருளானந்தர் போதிப்பது என்னவென்று நேரில் கேட்டார். பத்துக் கட்டளைகளின் விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்ட அரசர், அதில் குற்றம் காணவில்லை. தம் நாட்டில் இனிப் போதிக்கக் கூடாது என்று கட்டளையிட்டு, அனைவரையும் விடுதலை செய்தார்.

மீண்டும் லிஸ்பன்

அதற்குப் பின் மிஷனின் தேவைகளை எடுத்துச் சொல்வதற்காக, மேலதிகாரிகள் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1687-ம் ஆண்டு செப்டம்பரில் லிஸ்பன் சேர்ந்தார். கூட விளையாடிய பெட்ரோ இப்போது நாட்டின் மன்னர். பால்ய நண்பனை ஆரத் தழுவி வரவேற்றார். நகரமே திரண்டு பார்த்தது.

பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் மகனைக் கண்டார் தாய். போகும்போது இருந்த இளைஞன் அல்ல அவன். வெயிலில் கறுத்து, தழும்பேறிய உடம்போடு வந்திருந்தான். பிரபுக்களின் விருந்துகளுக்கு நடுவிலும் தமிழ் நாட்டு உணவு முறையை விடவில்லை. இறைச்சி வேண்டாம், தரையில்தான் படுக்கை. சொந்த வீட்டுக்கு ஓர் அந்நியன் விருந்தாளியாக வந்தது போலிருந்தது. அவன் மனம் எந்த நாட்டில் இருக்கிறது என்பது தாய்க்கு விளங்காமல் இருக்குமா?

இளவரசருக்கு ஆசானாக இருக்கும்படி மன்னர் வற்புறுத்தினார். அங்கேயே தங்கியிருந்தால் பதவிகள் தேடி வந்திருக்கும். முதிய தாய்க்கும் துணையாக இருந்திருக்கும். அருளானந்தர் தங்கவில்லை. 1690-ம் ஆண்டு மறுபடியும் கப்பல் ஏறினார். இரண்டாம் முறையாகத் தாய் விடை கொடுத்தார்.

தடியத் தேவர்

தடை விதித்த அரசர் அதே சிம்மாசனத்தில் இருக்கும்போதே, அருளானந்தர் மறவர் சீமைக்குத் திரும்பினார். ஞானஸ்நானம் பெற்றவர்களைக் கைவிடக் கூடாது என்பது அவர் எண்ணம்.

அங்கே தடியத் தேவர் என்ற குறுநிலத் தலைவர் கொடிய நோயால் படுத்திருந்தார். அரச குடும்பத்தோடு தொடர்புடையவர். மக்களிடையே செல்வாக்கு மிக்கவர். வைத்தியமும் மந்திரமும் பலிக்காமல், கிறிஸ்தவக் குருவை அழைத்துவர ஆள் அனுப்பினார். அருளானந்தர் தமக்குப் பதிலாக உபதேசியார் ஒருவரை அனுப்பினார். உபதேசியார் நோயாளியின் தலைமாட்டில் சுவிசேஷம் வாசித்து ஜெபித்தார். தேவர் எழுந்து உட்கார்ந்தார்.

நோய் தீர்ந்த தேவர் ஞானஸ்நானம் கேட்டார். அருளானந்தர் உடனே கொடுத்துவிடவில்லை. தேவருக்கு மனைவியர் பலர். திருச்சபையின் சட்டப்படி ஒருவனுக்கு ஒரு மனைவிதான். அதை ஏற்க முடியுமா என்று கேட்டார். தேவர் முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு வேண்டியதைக் கொடுத்து விலக்கினார். 1693-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, ஞானஸ்நானம் பெற்றார்.

விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவினர். கடலாயி என்பது அவர் பெயர். குற்றம் ஏதும் செய்யாமல் வாழ்விழந்த அந்தப் பெண்ணின் துயரத்தையும் இங்கே நினைக்கத்தான் வேண்டும். அவர் சேதுபதியிடம் சென்று அழுதார். அரசருக்கோ வேறு கவலையும் இருந்தது. செல்வாக்குள்ள தேவர் ஒருவர் புதிய சமயத்தில் சேர்ந்தால், அவர் பின்னால் எத்தனை பேர் திரள்வார்களோ? குடும்பத்துப் பகையும் அரசியல் அச்சமும் சேர்ந்துகொண்டன. இரண்டே நாளில், ஜனவரி 8-ந் தேதி, அருளானந்தர் கைது செய்யப்பட்டார்.

ஓரியூர்

ராமநாதபுரத்தில் சில வாரங்கள் சிறை. தடியத் தேவர் அவருக்காகப் பரிந்து பேசினார், பயனில்லை. வெளிப்படையாகக் கொன்றால் கலகம் வரலாம் என்று அஞ்சிய அரசர், நாடு கடத்துவதாக அறிவித்தார். ஆனால் ஓரியூர்ப் பகுதியை ஆண்ட தம் சகோதரர் உடையத் தேவருக்கு ரகசியக் கட்டளை போயிற்று: அங்கே வைத்துக் கொன்றுவிட வேண்டும் என்று.

ஜனவரி மாதக் கடைசியில் ஓரியூர் போய்ச் சேர்ந்தார். உடையத் தேவர் நோயாளி. தம்மைக் குணமாக்கினால் நல்லதென்று கேட்டார். ஒரு பொய் சொன்னால், ஒரு மந்திர வித்தை காட்டினால், உயிர் தப்ப வழி இருந்தது. குணமாக்குவது கடவுளின் செயல், தம் கையில் மந்திரம் ஏதுமில்லை என்று அருளானந்தர் உள்ளதைச் சொன்னார்.

பிப்ரவரி 3-ந் தேதி, சிறையிலிருந்து சபைச் சகோதரர்களுக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். எழுதுகோல் ஒரு குச்சி. மை, நீரில் கரைத்த கரித்தூள். தமக்காகத் துக்கப்பட வேண்டாம் என்பதே கடிதத்தின் சாரம்.

மறுநாள் பிப்ரவரி 4, புதன்கிழமை. அந்த ஆண்டு அது விபூதிப் புதன். மனிதன் மண்ணாய் இருக்கிறான், மண்ணுக்கே திரும்புவான் என்பதை நினைவூட்டிக் கத்தோலிக்கர் நெற்றியில் சாம்பல் பூசும் நாள். ஓரியூரில் பாம்பாற்றின் அருகே உள்ள மேட்டுக்கு அவரைக் கொண்டுபோனார்கள். மண்டியிட்டு ஜெபித்தார். வெட்ட வந்தவன் தயங்கினான். அருளானந்தர் அவனை அணைத்து, அவனுடைய கடமையைச் செய்யச் சொன்னார். கழுத்தில் கிடந்த புனிதப் பொருள் பேழையை மந்திரத் தாயத்து என்று அஞ்சி, கையால் தொடாமல் வாளால் அறுத்தார்கள் என்றும், நீண்ட தாடியை மார்போடு சேர்த்துக் கட்டினார்கள் என்றும் வரலாறு கூறுகிறது. பிறகு வாள் விழுந்தது.

46 வயது நிறைவதற்கு இன்னும் 25 நாட்கள் இருந்தன.

திருநாள் உடையில் ஒரு தாய்

செய்தி கடல் கடந்து லிஸ்பன் போய்ச் சேர நெடுங்காலம் ஆயிற்று. மன்னர் பெட்ரோ துக்கம் கொண்டாடவில்லை. நன்றி வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்தார். அந்த வழிபாட்டுக்குப் பியாட்ரிஸ் அம்மையாரும் வந்தார். கறுப்பு உடை இல்லை. திருநாளுக்கு உடுத்தும் உடையில் வந்தார்.

நோய்ப் படுக்கையின் அருகே நின்று மன்றாடிய நாளிலிருந்து ஏறக்குறைய 35 ஆண்டுகள் சென்றுவிட்டன. அன்று அவர் சவேரியாரிடம் கேட்டது மகனின் உயிர். கிடைத்தது. கிடைத்த உயிரைத் தம்மிடம் வைத்துக்கொள்ள எத்தனையோ முயன்றார். பாப்பாண்டவரின் தூதர் வரையில் போய் முறையிட்டார். கடைசியில், வேண்டிப் பெற்றது தமக்கென்று மட்டும் கொடுக்கப்பட்டதல்ல என்பதை அந்தத் தாய் உணர்ந்துகொண்டார் போலும். அன்று அவர் உடுத்திய திருநாள் உடைக்கு வேறென்ன பொருள் சொல்வது? அதற்குள்ளே பெற்ற வயிறு எப்படித் துடித்திருக்கும் என்பது, பிள்ளை பெற்றவர்களுக்குத்தான் தெரியும்.

ஒன்பதாம் பத்திநாதர் என்ற பாப்பாண்டவர் 1853-ம் ஆண்டு அருளானந்தருக்கு முத்திப்பேறு பெற்றவர் பட்டம் அளித்தார். 1947-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் பிறந்து சரியாக 300-வது ஆண்டு அது. இந்தியா சுதந்தரம் பெறுவதற்கு எட்டு வாரங்களுக்கு முன், தமிழ் மண்ணில் ரத்தம் சிந்திய ஒருவர் உலகத் திருச்சபையின் பீடத்தில் ஏறினார்.

ஓரியூர் இன்று ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள பெரிய யாத்திரைத் தலம். அங்குள்ள மண் சிவந்திருக்கிறது. அருளானந்தரின் ரத்தம் தோய்ந்ததால் சிவந்தது என்பது மக்கள் நம்பிக்கை. அந்தச் செம்மண்ணை எடுத்து முடிந்துகொண்டு போகிறார்கள். கிறிஸ்தவர்கள் மட்டும் அல்ல, இந்துக்களும் வருகிறார்கள். மறவர் சீமையின் மக்களே அவரைத் தங்கள் காவலராகக் கொண்டாடுகிறார்கள். பிள்ளை வரம் கேட்டு வரும் பெண்கள் அங்கே அதிகம். தாயை விட்டுப் பிரிந்து வந்த பிள்ளையிடம், தாயாக வேண்டுமென்று கேட்கிறார்கள்!

பிப்ரவரி 4-ந் தேதி மாலை அருளானந்தரின் சுரூபத்துக்கு முன்னால் மன்றாட்டு மாலை தொடங்கும்போது, எல்லாருக்கும் முன்னால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய் நிற்பாள். பிள்ளைக்குக் காய்ச்சல் தீர வேண்டும். படிப்பு வர வேண்டும். வெளியூரில் வேலை பார்க்கும் மூத்தவன் சுகமாக இருக்க வேண்டும். இவைதான் அவள் வேண்டுதல். கேட்கட்டும், கேட்பதில் தவறில்லை. பியாட்ரிஸ் அம்மையாரும் அதைத்தான் கேட்டார்.

கொடுக்கப்படும் பிள்ளை யாருக்காக வளரும், எந்த மண்ணில் வேர் விடும் என்பது மட்டும் வேண்டுகிறவர் கையில் இல்லை. லிஸ்பனில் ஒரு தாய் ஏற்றிய விளக்கு ஓரியூரில் எரிகிறது. பாகையும் காவியும் அணிந்த அந்த சுரூபத்தின் முன்னால் மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள், கடல் கடந்த அந்தத் தாய்க்காகவும் ஒன்று ஏற்றலாம்.